நெய்யூரிலிருந்து லீட்ஸ் வரை: அமிலத்தைக் குறைத்த அறுவைச் சிகிச்சை

1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணம் முடிந்ததும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹோவர்டு சோமர்வெல் ஊர் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். அப்படித்தான் தெற்குத் திருவிதாங்கூரின் நெய்யூருக்கு வந்தார். அங்கிருந்த லண்டன் மிஷன் மருத்துவமனையில் கூட்டம் கூட்டமாகக் காத்துக்கிடந்த நோயாளிகளை ஒரே ஒரு அறுவை மருத்துவர் சமாளித்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி சோமர்வெல்லின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. லண்டனில் கிடைத்திருக்கக்கூடிய பெரிய வாழ்வை விட்டுவிட்டு நெய்யூரிலேயே தங்கினார். 1924 எவரெஸ்ட் முயற்சியில் 8,500 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டு மீண்டும் இங்கேயே வந்தார். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பாடமும் நடத்தினார். மலையேற்ற உலகம் அவரை இன்றும் பேசுகிறது. குடல்புண் அறுவைச் சிகிச்சையில் அவருக்குள்ள இடத்தை அவர் உழைத்த மண்ணைச் சேர்ந்த நாம் மறந்துவிட்டோம். இம்மலரில் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு முதற்காரணம் அதுதான்.

அன்றைய திருவிதாங்கூரில் முன்சிறுகுடல் புண் ஊருக்கு ஊர் மலிந்திருந்தது. மரச்சீனியே ஏழைகளின் அன்றாட உணவு. குன்னூர் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மக்காரிசன் அந்த உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவற்றில் பலவற்றுக்கு வயிற்றில் புண் வந்தது. கோதுமையும் பாலும் சேர்ந்த வடஇந்திய உணவைத் தின்ற எலிகளுக்கு வரவில்லை. உணவுதான் முழுக் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் நெய்யூரின் வாசலில் ஏன் அவ்வளவு கூட்டம் என்பதற்கு அது ஒரு தடயம்.

வந்தவர்களில் பலர் பல ஆண்டுகளாக வலியைப் பொறுத்து, புண் ஆறி ஆறித் தழும்பேறி, இரைப்பையின் கீழ்வாய் சுருங்கிய நிலையில் வந்தார்கள். நேற்று உண்ட சோறு இன்று மாலை அப்படியே வாந்தியில் வரும். ஒட்டிய வயிற்றின் தோலுக்கடியில், இடப்பக்கத்து விலா எலும்பின் கீழிருந்து வலப்பக்கம் நோக்கி ஓர் அலை மெல்ல எழுந்து உருண்டு போவது கண்ணுக்கே தெரியும். அடைபட்ட வாயைத் திறக்க இரைப்பை படும் பாடு அது. நோயாளியை இருபக்கமும் பிடித்து லேசாக அசைத்தால் உள்ளே தேங்கிய நீர் தளும்பும் ஓசை கேட்கும். இன்றைய மாணவர்கள் இதைப் பாடநூலில் மட்டுமே படிக்கிறார்கள். அது நல்ல காலத்தின் அறிகுறிதான்.

இத்தகையவர்களுக்கு இரைப்பையைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்து மாற்றுவழி அமைப்பது அன்றைய வழக்கம். வியன்னாவில் தியோடர் பில்ராத்தின் உதவியாளர் ஆண்டன் வோல்ஃப்லர் 1881-இல் தொடங்கிவைத்த முறை இது. அடைப்பு நீங்கும், நோயாளி சாப்பிடுவார், உடம்பு தேறும். ஆனால் சிலர் திரும்பி வந்தார்கள். அமிலம் பழைய அளவிலேயே சுரந்தது. அதைத் தாங்கிப் பழகாத சிறுகுடலில், தையல் போட்ட இடத்திலேயே புதிய புண் உண்டானது. ஆக, வழி மாற்றினால் போதாது, சுரப்பையே குறைக்க வேண்டும் என்பது திரும்பி வந்த நோயாளிகளிடமிருந்து கிடைத்த பாடம். சோமர்வெல் அதற்கு ஒரு வழி கண்டார். இணைப்போடு சேர்த்து, இரைப்பைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகளையும் கட்டிவிட்டார். இரைப்பையை வெட்டி எடுக்காமலே எடுத்த பலனைப் பெறும் முயற்சி அது. 1945-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதியபோது ‘உடலியங்கியல் வழி இரைப்பை நீக்கம்’ என்ற பொருளிலேயே அதற்குப் பெயரிட்டார். இம்முறை நிலைக்கவில்லை. ஆயினும் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

மேலைநாடுகளில் அதே கேள்விக்கு அப்போது கிடைத்த விடை மிகக் கடுமையானது: இரைப்பையின் மூன்றில் இரண்டு பங்கையோ அதற்கும் மேலோ வெட்டி எடுத்துவிடுவது. அமிலம் குறைந்தது உண்மை. ஆனால் உணவு தங்க இடமின்றிக் குடலுக்குள் கொட்டியது. சாப்பிட்ட கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும். நோயாளி இலையை விட்டு எழுந்துபோய்ப் படுத்துவிடுவார். இனிப்புக் கஞ்சி குடித்தால் இன்னும் மோசம். புண் வலிக்குப் பயந்து சாப்பிடாதவர், இப்போது சாப்பிட்டதற்குப் பயந்து சாப்பிடாமல் இருந்தார்.

இரைப்பையை வெட்டாமலே சுரப்பைக் குறைக்கும் வழி நரம்பில் இருந்தது. இரைப்பைக்கு ‘அமிலம் சுரக்கலாம்’ என்று மூளையிலிருந்து செய்தி கொண்டுவருவது வேகஸ் நரம்பு. இதை ரஷ்யாவில் பாவ்லவ் நாய்களில் மெய்ப்பித்திருந்தார். நாய் விழுங்கிய உணவு இரைப்பைக்குப் போகாமல் கழுத்து வழியே வெளியேறும்படி செய்தபோதும் இரைப்பை சுரந்தது. வேகஸை வெட்டியபின் அந்தச் சுரப்பு நின்றது. லியோனில் லதார்ஜே 1920-களில் மனிதர்களிடம் இந்நரம்பை வெட்டிப் பார்த்தார். ஆயினும் இம்முறையை உலகம் ஏற்கச் செய்தவர் சிகாகோவின் லெஸ்டர் டிராக்ஸ்டெட். 1943 ஜனவரியில், குடல்புண்ணால் இரத்தம் கசிந்துகொண்டிருந்த 35 வயது நோயாளி ஒருவர் இரைப்பையை வெட்ட ஒப்பவில்லை. டிராக்ஸ்டெட் அவருடைய மார்பைத் திறந்து, உணவுக்குழாயை ஒட்டி இறங்கும் இரு வேகஸ் நரம்புகளையும் வெட்டினார். இரைப்பையில் கை வைக்கவேயில்லை. வலி போனது, புண் ஆறியது. அந்த நோயாளியின் மறுப்பில்லாமல் இந்தப் புது வழி இன்னும் எத்தனை காலம் காத்திருந்திருக்குமோ!

இதிலும் குறை வந்தது. வேகஸ் நரம்பு சுரப்பை மட்டும் ஆள்வதில்லை. இரைப்பையின் அசைவையும் கீழ்வாய் திறந்து மூடுவதையும் அதுவே ஆள்கிறது. நரம்பு போனதும் பலருக்கு உணவு இரைப்பையிலேயே தேங்கியது. எனவே கீழ்வாயை நீளவாக்கில் கீறிக் குறுக்குவாக்கில் தைத்து அகலப்படுத்தும் முறையைக் கூடவே சேர்த்தார்கள். தேக்கம் தீர்ந்தது, சிலருக்கு வயிற்றுப்போக்கு வந்தது, பழைய படபடப்பும் வந்தது. நூற்றில் பத்துப் பேர் அளவில் புண்ணும் திரும்பியது. நரம்பு வெட்டோடு, காஸ்ட்ரின் சுரக்கும் இரைப்பையின் கீழ்ப்பகுதியையும் எடுத்தால் மீள்புண் நூற்றில் ஒன்றிரண்டாகக் குறையும். ஆனால் அறுவையின் ஆபத்து கூடும்.

இந்த இழுபறிக்கு முடிவாக 1960-களின் இறுதியில் லீட்ஸில் ஜான்ஸ்டனும் வில்கின்சனும், கோபன்ஹேகனில் ஆம்ட்ரப்பும் ஜென்சனும் ஒரே சமயத்தில் நுட்பமானதொரு முறைக்கு வந்தார்கள். இரைப்பையின் உள்வளைவை ஒட்டி லதார்ஜேயின் பெயரைத் தாங்கிய நரம்பு இறங்குகிறது. அதிலிருந்து இரைப்பையின் மேற்பகுதிக்கு, அதாவது அமிலம் சுரக்கும் பகுதிக்கு, மெல்லிய கிளைகள் இரத்தக் குழாய்களோடு பின்னிப் போகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, கட்டி, வெட்டிக்கொண்டே மேலேற வேண்டும். கீழ்வாய்க்கு ஆறேழு சென்டிமீட்டர் முன்னால் நரம்பு காக்கைக்காலாகப் பிரியும். அங்கே கை வைக்கக் கூடாது. உணவை அரைத்து வெளித்தள்ளும் இரைப்பைத் தசைகளுக்கு உயிர் அந்தக் கிளைகளில்தான் இருக்கிறது. மேலே, உணவுக்குழாயின் பின்புறம் ஒளிந்து வரும் ஒரு சிறு கிளையைத் தவறவிட்டாலும் அமிலம் குறையாது. மணிக்கணக்கில் பொறுமை கேட்கும் அறுவை. இரைப்பையும் முழுசு, கீழ்வாயும் முழுசு, குடலைத் திறக்கவே தேவையில்லை. உயிரிழப்போ மிக அரிது. மீள்புண் சற்று அதிகம்தான். ஆனால் நோயாளி நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டார். என் கணிப்பில் வயிற்று அறுவை மருத்துவம் எட்டிய மிக அழகிய உயரங்களுள் இது ஒன்று.

அந்த உயரத்தை எட்டியபோதே அதன் தேவை மறையத் தொடங்கியது. ஜேம்ஸ் பிளாக்கின் வழிகாட்டலில் உருவான சிமெட்டிடின் 1976-இல் பிரிட்டனில் கடைக்கு வந்தது. ஒமெப்ரசோல் 1988-இல் வந்தது. இடையில் 1982-இல் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் புண்ணின் வேரில் ஒரு கிருமி இருப்பதைக் கண்டார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமியை இரண்டு வார மருந்தில் அழித்தால் பெரும்பாலோருக்குப் புண் திரும்புவதில்லை. குடல் ஓட்டையாகி அவசரமாக வருபவர்களுக்கும் இது பொருந்தும். ஓட்டையை மூடித் தைத்தபின் கிருமியை அழித்தவர்களில் ஓராண்டுக்குள் 4.8 விழுக்காட்டினருக்கே புண் மீண்டது, அழிக்காதவர்களில் 38.1 விழுக்காட்டினருக்கு மீண்டது. 2000-இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஆய்வு இது. நள்ளிரவில் ஓட்டையை வயிற்று மடிப்புக் கொழுப்பால் மூடும் அறுவை மருத்துவர் இன்று நரம்பைத் தேடிப் போவதில்லை.

ஆனால் அந்தக் கால அறுவை செய்துகொண்டவர்கள் நம்மிடையே முதியவர்களாக இருக்கிறார்கள். மேல்வயிற்றின் நடுவே நீளத் தழும்போடு, இரத்தசோகை, கால் மரத்தல், தள்ளாட்டம் என்று வருபவரைக் கண்டால் இளம் மருத்துவர்கள் அந்தத் தழும்பின் கதையைக் கேட்க வேண்டும். இரைப்பை குறைந்தவருக்கு இரும்புச்சத்தும் பி12-உம் உடம்பில் சேர்வது குறையும். பி12 ஊசி போட்டால் நடை திரும்பக்கூடும். எஞ்சிய இரைப்பையில் பல்லாண்டு கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், புதிதாகப் பசியின்மையோ எடைக்குறைவோ சொன்னால் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது. எந்த அறுவை, எந்த ஆண்டு, எந்த ஊரில் என்பதைக் கேட்டு, நோய்க்குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.