திறந்த மூல மென்பொருள்: பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது யார் பொறுப்பு?

அமெரிக்காவின் மூன்று பெரிய கடன் தகவல் நிறுவனங்களில் ஒன்றான எக்விஃபேக்ஸ், 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. தனது கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் போன்ற விபரங்களை எடுத்துச் சென்றுவிட்டனர் என்பதே அந்த அறிவிப்பு. பாதிக்கப்பட்டவர்களின் தொகை பின்னர் சுமார் 14 கோடியே 70 லட்சம் என்று கணக்கிடப்பட்டது. பிரிட்டனிலும் கனடாவிலும் வாழ்பவர்களின் விபரங்களும் திருடப்பட்டவற்றில் அடங்கியிருந்தன.

ஊடுருவியவர்கள் நுழைந்த வழி ரகசியமானதல்ல. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளில் ஒரு குறைபாடு இருப்பதும், அதற்கான திருத்தமும் அந்த ஆண்டின் மார்ச் 7ஆம் தேதியே பகிரங்கமாக அறிவிக்கப்பட்டிருந்தன. மறுநாள் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவு எச்சரிக்கை விடுத்தது. அதற்கடுத்த நாள், திருத்தத்தை 48 மணி நேரத்துக்குள் பொருத்துமாறு எக்விஃபேக்ஸ் தனது ஊழியர்களுக்கு மின்னஞ்சலும் அனுப்பியது. ஆனால் வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகளைப் பெறும் இணையத்தளத்தை இயக்கிய சர்வரில் அந்தத் திருத்தம் பொருத்தப்படவேயில்லை. மே மாதத்தின் நடுப்பகுதியில் உள்ளே நுழைந்தவர்கள் ஜூலை இறுதிவரை அங்கேயே இருந்தனர்.

அவ்வளவு நாட்கள் அவர்கள் கண்ணில் படாமல் இருந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. வலையமைப்பின் போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவி ஒன்றின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருந்ததால், அக்கருவி மறையீடு செய்யப்பட்ட தரவுகளைப் பார்க்க முடியாமல் இருந்தது. சான்றிதழைப் புதுப்பித்த உடனேயே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து தென்பட்டது.

அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அக்டோபரில் சாட்சியமளித்த நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ரிச்சர்ட் ஸ்மித், திருத்தம் பற்றிய தகவலை உரியவர்களுக்குச் சொல்லத் தவறிய ஒரு தனிநபரைச் சுட்டிக்காட்டினார். கோடிக்கணக்கானவர்களின் விபரங்களைக் காக்கும் பொறுப்பு ஒரே ஓர் ஊழியரின் ஞாபகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால், பிழை அந்த ஊழியருடையது அல்ல, அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தவர்களுடையது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகமும் ஏறத்தாழ அப்படித்தான் கருதியது. எக்விஃபேக்ஸின் பிரிட்டிஷ் கிளைக்கு 2018 செப்டம்பரில் அது விதித்த ஐந்து லட்சம் பவுண்டுகள், சம்பவம் நடந்தபோது நடைமுறையிலிருந்த சட்டத்தின்படி விதிக்கக்கூடிய உச்சபட்ச அபராதமாகும்.

இதயத் துடிப்பில் கசிந்த ரகசியம்

திறந்த மூல மென்பொருள் என்பது, அதன் நிரல்களை எவரும் படிக்கவும், திருத்தவும், கட்டணமின்றிப் பயன்படுத்தவும் அனுமதிக்கும் மென்பொருளாகும். உலகின் இணைய சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸ், அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், பிஎச்பி போன்ற திறந்த மூல மென்பொருள்களால் இயங்குகிறது. வங்கிகள், அரசாங்கத் திணைக்களங்கள், பத்திரிகைகள் முதல், புலம்பெயர்ந்த நாடுகளில் இயங்கும் தமிழ்ப் பாடசாலைகளின் இணையத்தளங்கள் வரை இவற்றின் மீதே நிற்கின்றன.

பலர் படிக்கக்கூடிய நிரலில் பிழை ஒளிந்திருக்க முடியாது என்பது இந்த இயக்கத்தின் நீண்டகால நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு விழுந்த பெரிய அடி 2014 ஏப்ரல் 7ஆம் தேதி வெளியான ஹார்ட்பிளீட் என்ற குறைபாடு.

ஓப்பன் எஸ்எஸ்எல் என்பது, இணையத்தில் அனுப்பப்படும் கடவுச்சொற்களையும் கடன் அட்டை எண்களையும் மறையீடு செய்யும் மென்பொருள் தொகுப்பு. இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க அதில் 'இதயத் துடிப்பு' என்றொரு வசதி சேர்க்கப்பட்டிருந்தது. ஒரு கணினி ஒரு சொல்லை அனுப்பி, 'இது மூன்று எழுத்துச் சொல், இதைத் திருப்பி அனுப்பு' என்று கேட்கும். மறுமுனையில் இருக்கும் சர்வர் அதைத் திருப்பி அனுப்பும். அனுப்பியவர் மூன்று எழுத்துச் சொல்லை அனுப்பிவிட்டு, அது அறுபதாயிரம் எழுத்து நீளமானது என்று பொய் சொன்னால் என்ன நடக்கும் என்பதை நிரலை எழுதியவரும் யோசிக்கவில்லை, அதைச் சரிபார்த்தவரும் யோசிக்கவில்லை. சொல்லப்பட்ட நீளத்தை சர்வர் அப்படியே நம்பியது. அந்த மூன்று எழுத்துகளோடு, தனது நினைவகத்தில் அவற்றுக்கு அடுத்து என்ன கிடந்ததோ அதையும் சேர்த்து 64 கிலோபைட் வரை திருப்பிக் கொடுத்தது. அதில் வேறொருவரின் கடவுச்சொல் இருக்கலாம், சர்வரின் ரகசியச் சாவியே கூட இருக்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். வழக்கமான பதிவேடுகளில் தடயம் எதுவும் எஞ்சாது.

2011ஆம் ஆண்டின் கடைசி நாளில் சேர்க்கப்பட்ட இந்த நிரல், 2012 மார்ச்சில் 1.0.1 பதிப்போடு உலகெங்கும் பரவியது. கூகுள் நிறுவனத்தின் நீல் மேத்தாவும், பின்லாந்தின் கோடனோமிகான் நிறுவனப் பொறியாளர்களும் தனித்தனியே கண்டுபிடிக்கும் வரை இரண்டு ஆண்டுகள் அது எவர் கண்ணிலும் படவில்லை.

கனடாவில் அது வரி அறிக்கை தாக்கல் செய்யும் காலம். நாட்டின் வருவாய்த் துறை தனது இணையச் சேவைகளைச் சில நாட்கள் மூட நேர்ந்தது. மூடுவதற்கு முன்னர், ஆறு மணி நேரத்துக்குள், சுமார் 900 பேரின் சமூகக் காப்புறுதி எண்கள் அகற்றப்பட்டுவிட்டதாக அது பின்னர் ஒப்புக்கொண்டது. ஏப்ரல் 30ஆம் தேதி முடிவடைய வேண்டிய தாக்கல் கால எல்லை மே 5ஆம் தேதி வரை நீடிக்கப்பட்டது.

திருத்தம் என்பது ஒரு செயல் அல்ல

ஹார்ட்பிளீட் குறைபாட்டைச் சரிசெய்ய நிரலில் தேவைப்பட்டது, சொல்லப்பட்ட நீளமும் உண்மையான நீளமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கும் சில வரிகள் மட்டுமே. 1.0.1ஜி பதிப்பு அறிவிப்பு வெளியான அன்றே கிடைத்தது. ஆனால் சர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கு வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பமானது.

புதிய பதிப்பை நிறுவினால் மட்டும் போதாது. ஏற்கனவே இயங்கிக்கொண்டிருக்கும் சேவைகள் பழைய நிரலையே நினைவகத்தில் வைத்திருக்கும். அவற்றை நிறுத்தி மீண்டும் தொடக்க வேண்டும். ரகசியச் சாவி கசிந்திருக்கலாம் என்பதால் புதிய சாவியை உருவாக்கி, அதற்குப் புதிய சான்றிதழ் பெற்று, பழைய சான்றிதழை ரத்துச் செய்ய வேண்டும். கடைசியாகவே பயனாளர்களிடம் கடவுச்சொல்லை மாற்றச் சொல்ல வேண்டும். முந்தியவை முடியும் முன்னர் மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் கசியும். பழைய சாவியையே வைத்துக்கொண்டு சான்றிதழை மட்டும் புதுப்பித்த தளங்கள் ஏராளம் இருந்ததை பிரிட்டனின் நெட்கிராஃப்ட் நிறுவனம் கண்டறிந்தது. பூட்டை மாற்றாமல் கதவுக்கு வர்ணம் பூசியதற்கு ஒப்பான செயல் அது.

பதிப்பு எண்ணைப் பார்த்து முடிவுக்கு வருவதிலும் ஒரு சிக்கல் உண்டு. டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்கள், முழுப் பதிப்பையும் மாற்றாமல் பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் பொருத்தித் தருகின்றன. 2014இல் டெபியன் சர்வர்களில் ஓப்பன் எஸ்எஸ்எல் தன்னை 1.0.1இ என்றே சொல்லிக்கொண்டது. அது குறைபாடுள்ள பதிப்பின் எண்தான், ஆனால் ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது. ஆகவே பார்க்க வேண்டியது வழங்கலின் பாதுகாப்பு அறிவிப்பை.

அந்த வழங்கலே ஆதரவு முடிந்துபோன ஒன்றாக இருந்தால் எந்த அறிவிப்பும் வராது. பல நிறுவனங்களில் ஆண்டுக்கணக்காகப் பயன்பட்ட சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30ஆம் தேதி முடிவடைந்தது. அத்தகைய சர்வர் பழுதின்றி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் அதன் ஆபத்து. குறைந்த செலவில் இடம் வாடகைக்கு எடுத்து, தொண்டர் ஒருவர் அமைத்துக் கொடுத்த சங்கத் தளங்களின் நிலையும் பெரும்பாலும் இதுவே. அந்தத் தொண்டர் வேறு ஊருக்குப் போனபின் புதுப்பிப்பவர் எவருமில்லை. பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே நிறுவும் வசதி டெபியன், உபுண்டு இரண்டிலும் இருக்கிறது. அதைச் செயல்படுத்தி வைப்பது சிறிய அமைப்புகளுக்கு மிகக் குறைந்த செலவிலான காப்பு.

பதிவேட்டுக்குள் வந்த கட்டளை

2021 டிசம்பரில் வெளியான லாக்4ஷெல் குறைபாடு இன்னும் சிக்கலானது. சர்வரில் நடப்பவற்றைக் குறிப்பேட்டில் பதிவு செய்வதற்கு ஜாவா மொழியில் எழுதப்பட்ட லாக்4ஜே என்ற சிறு தொகுப்பு பயன்படுகிறது. பதிவு செய்யப்படும் வாசகத்தில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் முகவரி இருந்தால், அந்த முகவரிக்குப் போய் அங்கிருப்பதைக் கொண்டுவந்து இயக்கும் வழக்கம் அதற்கு இருந்தது. இது ஒரு பிழையாக எழுதப்பட்டதல்ல, 2013இல் ஒரு வசதியாகவே சேர்க்கப்பட்டது. மைன்கிராஃப்ட் விளையாட்டின் உரையாடல் பெட்டியில் ஒரு வரி எழுதுவதன் மூலம் சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. தீவிரத்தை அளக்கும் அளவுகோலில் இக்குறைபாட்டுக்குப் பத்துக்குப் பத்து கொடுக்கப்பட்டது.

2.15.0 என்ற முதல் திருத்தம் முழுமையானதாக இருக்கவில்லை. 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த மாத முடிவுக்குள் மேலும் மூன்று பதிப்புகள் வெளியாகின. ஓர் அமைப்பு மாறியை மாற்றினால் போதும் என்று முதலில் தரப்பட்ட ஆலோசனையும் போதாது என்று பின்னர் தெரியவந்தது. உடனே புதுப்பிக்க இயலாதவர்கள் குறிப்பிட்ட நிரல் பகுதியையே தொகுப்பிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. தங்களிடம் லாக்4ஜே இருக்கிறது என்பதே பல நிறுவனங்களுக்குத் தெரியாது. விலைக்கு வாங்கிய மென்பொருளுக்குள் இன்னொரு தொகுப்பு, அதற்குள் அது என்று புதைந்து கிடந்தது. ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் என்னென்ன தொகுப்புகள் இருக்கின்றன என்ற உட்கூறுப் பட்டியலை விற்பவர் தர வேண்டும் என்ற கோரிக்கை இதன் பின்னர் வலுப்பெற்றது.

இந்தக் குறைபாட்டை 2021 நவம்பர் 24ஆம் தேதி அப்பாச்சி அறக்கட்டளைக்கு அறிவித்தவர் சீனாவின் அலிபாபா கிளவுட் நிறுவனத்தைச் சேர்ந்த பொறியாளர். உலக நடைமுறைப்படி அவர் செய்தது சரியே. ஆனால் சீனாவில் அந்த ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்திருந்த விதிகள், இத்தகைய குறைபாடுகளை 48 மணி நேரத்துக்குள் தொழில்துறை அமைச்சகத்துக்கு அறிவிக்குமாறு கோருகின்றன. அமைச்சகம் அலிபாபா கிளவுட்டுடனான தகவல் பரிமாற்ற ஒத்துழைப்பை ஆறு மாதங்களுக்கு இடைநிறுத்தியது. அடைக்கப்படாத ஓட்டை பற்றிய தகவல் ஓர் அரசின் கையில் இருக்கும்போது அது ஆயுதமாகவும் பயன்படக்கூடும் என்பதால், யாருக்கு முதலில் சொல்வது என்ற கேள்வி வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக இருக்க முடியாது.

அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு மீளாய்வு வாரியம், 2022 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில், லாக்4ஷெல் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ கணினி அமைப்புகளில் நீடிக்கக்கூடும் என்று கணித்தது. அந்த வாரியத்தின் உறுப்பினர்கள் 2025 ஜனவரியில் பதவியிலிருந்து நீக்கப்பட்டனர். அதே ஆண்டு ஏப்ரலில், உலகெங்கும் குறைபாடுகளுக்குப் பொது எண் வழங்கும் சி.வி.இ. திட்டத்துக்கான அமெரிக்க அரசின் ஒப்பந்தம் காலாவதியாகும் தறுவாயில், கடைசி நேரத்தில் 11 மாதங்களுக்கு நீடிக்கப்பட்டது. பல நாடுகள் நம்பியிருக்கும் ஒரு பொது ஏற்பாடு ஒரே அரசின் வரவு செலவுத் திட்டத்தில் தங்கியிருப்பதன் பலவீனத்தை அந்தச் சம்பவம் காட்டியது.

பணம் கொடுப்பவர் யார்

ஹார்ட்பிளீட் வெளியானபோது ஓப்பன் எஸ்எஸ்எல் திட்டத்தில் முழுநேரமாகப் பணியாற்றியவர் ஒரே ஒருவர். அதற்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர்கள் மட்டுமே என்று அதன் அறக்கட்டளையின் தலைவர் ஸ்டீவ் மார்க்வெஸ் தெரிவித்தார். அதன் மீது வியாபாரம் நடத்திய நிறுவனங்களின் வருமானத்தோடு ஒப்பிட்டால் இது நகைப்புக்குரிய தொகை. வெட்கப்பட்டோ பயந்தோ, கூகுள், மைக்ரோசாஃப்ட், பேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்கள் அதே மாதத்தில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஒரு நிதியத்தை ஆரம்பித்தன. ஜெர்மனி அரசு 2022இல் தொடங்கிய சாவரின் டெக் ஃபண்ட், லாக்4ஜே உள்ளிட்ட திட்டங்களுக்குப் பொதுப்பணத்தை வழங்கியது.

ஆயினும் களைத்துப்போன ஒரே ஒரு பராமரிப்பாளரின் தோளில் நிற்கும் திட்டங்கள் இன்னும் பல உள்ளன. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் என்ற தொகுப்பு அவற்றில் ஒன்று. ஜியா தான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உதவி செய்து நம்பிக்கையைப் பெற்று, இணைப் பராமரிப்பாளராகி, 2024 பிப்ரவரியில் அதற்குள் ஒரு ரகசியக் கதவைப் பொருத்தினார். தீங்கான நிரல் சோதனைக் கோப்புகளுக்குள் மறைக்கப்பட்டிருந்ததால், பகிரங்க நிரலைப் படித்தவர்களுக்கு அது தெரியவில்லை. மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, மார்ச் 29ஆம் தேதி அதை அம்பலப்படுத்தினார். பரவலாகப் பயன்படும் நிலையான வழங்கல்களை அது அப்போது எட்டியிருக்கவில்லை.

சட்டத்தின் வழியில் பொறுப்பை வரையறுக்க முயல்வது ஐரோப்பிய ஒன்றியம். 2024 டிசம்பர் 10ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அதன் இணைய மீள்திறன் சட்டம், மென்பொருளை வணிக நோக்கில் சந்தைக்குக் கொண்டுவருபவரையே அதன் குறைபாடுகளுக்குப் பொறுப்பாக்குகிறது. அவர் இலவசமாக எடுத்துச் சேர்த்த திறந்த மூலத் தொகுப்புகளும் அதில் அடக்கம். ஊதியமின்றி நிரல் எழுதும் தனிநபர்களுக்கு விலக்கு உண்டு. அறக்கட்டளைகளுக்கு இலகுவான தனிக் கடமைகள் வகுக்கப்பட்டுள்ளன. இச்சட்டத்தின் முதல் வரைவு தொண்டர்களையும் தண்டித்துவிடும் என்று திறந்த மூல அமைப்புகள் கடுமையாக எதிர்த்த பின்னரே இந்தப் பாகுபாடு சேர்க்கப்பட்டது. பயன்படுத்தப்படும் குறைபாடுகளை 24 மணி நேரத்துக்குள் அறிவிக்கும் கடமை 2026 செப்டம்பர் 11ஆம் தேதிக்கும், ஏனைய பிரதான கடமைகள் 2027 டிசம்பர் 11ஆம் தேதிக்கும் குறிக்கப்பட்டுள்ளன.