ஏற்றமும் யந்திர நெஞ்சமும்

ஏறத்தாழ 2,200 ஆண்டுகட்கு முற்பட்ட சுவாங் சூ என்னும் சீன நூலில் ஒரு கிழவன் வருகிறான். கிணற்றுக்குள் இறங்கிக் குடத்தில் நீர் மொண்டு பாத்திகளுக்கு ஊற்றுகிறான். அவ்வழிச் சென்ற கன்பூசியஸின் மாணாக்கர் சூ குங், ஒரே நாளில் நூறு பாத்திக்கு இறைக்கும் கருவியொன்று உண்டென விளக்குகிறார். அது நம் பாட்டன்மார் இறைத்த ஏற்றத்தின் உடன்பிறப்பு! கிழவனோ, அதை அறியாமலில்லை, கையாள நாணுகிறேன் என்கிறான். யந்திரம் புகுந்த இடத்தில் யந்திர நெஞ்சமும் புகும் என்பது அவன் கட்சி.

முதுகொடியக் குடஞ்சுமப்பதில் அறம் ஏதுமில்லை. சுமந்தவரைக் கேட்டால் தெரியும். ஆயினும் கிழவனின் ஐயம் அற்பமானதன்று.

1620-ல் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன், அச்சு, வெடிமருந்து, திசைகாட்டி ஆகிய மூன்றும் எப்பேரரசினும் மிகுதியாக உலகை மாற்றின என்றார். அவற்றின் பிறப்பு மறைந்து கிடப்பதாகவும் எழுதினார். மூன்றும் சீனத்திற் பிறந்தவை. மூன்றும் நம் மலாக்காவுக்கும் வந்தன. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திசைகாட்டியுடன் வந்த செங் ஹோ இங்கே பண்டசாலை அமைத்தார் (இலங்கையில் அவர் போரிட்டதையும் மறைக்க வேண்டா). 1511-ல் அதே கருவியுடன் வந்த போர்ச்சுகீசியர் பீரங்கியால் நகரைப் பிடித்துக் கோட்டை கட்டினர். 1815-ல் மில்னே பாதிரியாருடன் வந்த லியாங் பா, மரப்பலகையில் சீன எழுத்துகளைச் செதுக்கினார். அந்தப் பாதிரிமாரின் அச்சகத்திலேதான், தமிழும் பயின்ற மலாக்கா முன்ஷி அப்துல்லா எழுத்துக் கோக்கக் கற்றார்.

நிற்க. 1896-ல் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அவரை ஊக்கியவர் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்து ரிட்லி. பிரேசிலிற் சிறு கோடரியாற் கொத்திப் பாலெடுத்தனர். ரிட்லியோ பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை மீண்டும் திறக்கும் முறையை வகுத்தார். அம்முறைக்குக் கை கொடுத்தவர் தமிழர். ஆழம் மிகின் மரம் புண்படும். குறையின் பால் சுரவாது. இருளில், விளக்கொளியில், ஒரு மயிரிழை அளவைக் கையே அறிய வேண்டும்.

சுவாங் சூவில் ஓர் இறைச்சி வெட்டுவோன் உண்டு. மூட்டுகளின் இடைவெளி அறிந்து வெட்டியதால் அவன் கத்தி பத்தொன்பது ஆண்டுகள் மழுங்கவில்லை. இயற்கைக்குப் பணிந்தே அதை வெல்ல இயலும் என்றார் பேக்கன். இரு கருத்தும் கைகோத்த இடம் பால்வெட்டுக்காரியின் மணிக்கட்டு எனலாம். அவளையோ துரைமார் 'கூலி' என்றழைத்தனர். கிழவன் அஞ்சிய யந்திர நெஞ்சம் கத்தியில் இல்லை. ஆளைத் தலையாக எண்ணிப் பாலை நிறுத்த கணக்கில் இருந்தது.

பின்னர்ப் பல தோட்டங்களில் ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. பாச்சாங் போன்ற ஊர்களிற் குடியேறிய முதியோர் சிலரது கையில் அந்த மயிரிழை அளவு இன்னும் இருக்கிறது. எம்மரத்திற்கு எத்துணை ஆழம், மழை விட்டபின் எவ்வளவு பொறுத்தல், கத்தியை எவ்வாறு தீட்டல் என அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க நம் இளைஞர் விரைதல் வேண்டும்.