ஜப்பான் சாமான்

'சைனா சாமான்' எண்டு இண்டைக்கு நாங்கள் உதட்டைப் பிதுக்கிறம் எல்லோ, 1950இல் அந்த இடத்தில் இருந்தது ஜப்பான். மலிவு, போலி, ரெண்டு நாளில உடைஞ்சு போகும். மேற்கில் ஜப்பான் பொருட்களுக்கு இருந்த பெயர் அதுதான். கமரா லென்ஸ் என்றால் ஜெர்மனி: லைக்கா, ட்சைஸ். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அந்த ஆண்டு டோக்கியோவில் லைஃப் சஞ்சிகைக்கு வேலை செய்த ஜுன் மிக்கி என்ற இளம் படப்பிடிப்பாளர், அமெரிக்கரான டேவிட் டக்ளஸ் டங்கனை ஒரு படம் எடுத்தார். கமரா லைக்கா. அதில் மாட்டியிருந்ததோ 85 மி.மீ. எஃப்/2 நிக்கோர் லென்ஸ். நிப்பொன் கோகாக்கு செய்தது. இண்டைக்கு நிக்கொன் எண்டு நாங்கள் சொல்லுற கொம்பனிதான். டங்கன் முதலில் அதைப் பெரிசா எடுக்கேல்லை. படத்தைப் பெருப்பிச்சுக் காட்டின பிறகுதான் ஆள் ஆடிப்போனார்.

ஏன் ஆடவேணும்? எஃப்/2 லென்ஸ், எஃப்/3.5 லென்ஸை விட மூன்று மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதற்கொரு விலை உண்டு. வாயை முழுசாத் திறந்தால் கண்ணாடியின் விளிம்பால் வரும் கதிரும் நடுவால் வரும் கதிரும் ஒரே இடத்தில் சந்திக்காது. படம் முழுக்க மெல்லிய புகை பூசின மாதிரி இருக்கும், மூலைகள் கரையும். துவாரத்தைச் சின்னனாக்கினால் எந்த லென்ஸும் ஓரளவு நல்ல பிள்ளைதான். எஃப்/8இல் எடுத்த படத்தை வைச்சு வேக லென்ஸ் ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்லேலாது. இன்னொரு சிக்கல்: 85 மி.மீ. லென்ஸை எஃப்/2இல் திறந்து ஒன்றரை மீற்றர் தூரத்தில் ஒரு முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர்தான். கண் கூர்மை, காது மங்கல். ஃபோகஸ் பிழைச்சதோ, கை ஆடினதோ, லென்ஸே மோசமோ எண்டு பிரிக்கத் தெரியாமல் லென்ஸுக்குப் பழி போடுற ஆக்கள் கனபேர். (நானும் போட்டிருக்கிறன். பழைய பேப்பரைச் சுவரில ஒட்டி, கமராவை ஸ்டாண்டில் வைச்சு எடுத்துப் பாத்தபிறகுதான் பிழை என்ர கையில எண்டு விளங்கினது.)

டங்கன் ஒரு பிரிண்டோடு நிறுத்தவில்லை. ஹொரஸ் பிரிஸ்ரல் என்ற இன்னொரு படப்பிடிப்பாளரையும் கூட்டிக்கொண்டு தொழிற்சாலைக்கே போனார். தலைவர் நகாஓகா வரவேற்றார். கையிலிருந்த ஜெர்மன் லென்ஸ்களையும் நிக்கோரையும் அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திரும்பும்போது அவர்கள் நிக்கோர் பக்கம்.

ஜூன் 25இல் கொரிய யுத்தம் தொடங்கியது. டங்கன் நிக்கோரை லைக்காவில் மாட்டிக்கொண்டு போர்முனைக்குப் போனார். கார்ள் மைடன்ஸ் போன்ற மற்ற லைஃப் படப்பிடிப்பாளர்களும் அந்த லென்ஸ்களை எடுத்தார்கள். டிசம்பரில் நியூயோர்க் டைம்ஸ் இந்த ஜப்பானியக் கமராவையும் லென்ஸையும் பற்றி எழுதியது. அதோடு கதையே மாறிப்போச்சு.

ஆனால் மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. நிப்பொன் கோகாக்கு 1917இலிருந்து கண்ணாடி தேய்த்த கொம்பனி. யமாட்டோ போர்க்கப்பலின் தூரமளக்கும் கருவியைச் செய்ததும் அதுவே. கனோனின் முதல் கமராக்களில் இருந்ததும் நிக்கோர் லென்ஸ்தான். அந்த 85இன் கண்ணாடி அடுக்கு, ட்சைஸில் லூட்விக் பேர்ட்டெல வடிவமைத்த சோனாரின் வழியில் வந்தது. ஆக, ஜப்பான் ஜெர்மனியை வெண்டது எண்டு சொல்லுறது பாதி உண்மைதான். ஜெர்மன் யோசனையை ஜப்பான் கவனமாகச் செய்து முடித்தது.

எனக்கு உறுத்துற விசயம் வேறை. அந்த லென்ஸின் தரத்தை முதலில் கண்டது மிக்கி. எடுத்த படமும் அவருடையது. ஆனால் ஒரு அமெரிக்கர் கண்ணால் பார்த்து 'ஓம்' சொல்லும்வரைக்கும், அந்தக் கூர்மை உலகத்துக்குத் தெரியேல்லை.