அலவாங்கு நின்ற ஆழம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளின் வரலாறு வழக்கமாக ஒரு முன்னேற்றக் கதையாகவே சொல்லப்படுகிறது. அலவாங்கால் வெட்டிய கிணறு, வெடி வைத்து இறக்கிய கிணறு, இயந்திரம் துளைத்த குழாய்க் கிணறு என்று அது ஒரு பக்கம் வளரும். துலா, மண்ணெண்ணெய்ப் பம்பு, மின்மோட்டர் என்று மறுபக்கம் வளரும். படிக்குப் படி உழைப்புக் குறைந்தது, தண்ணீர் கூடியது என்பார்கள். நெல்லியடி, கரவெட்டி, துன்னாலை, உடுப்பிட்டி ஆகிய வடமராட்சி ஊர்களை வைத்துப் பார்த்தால் உழைப்புக் குறைந்தது உண்மை. தண்ணீர் கூடியது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. கருவி எளிதாக இறங்கத் தொடங்கிய பிறகே இங்கே நல்ல தண்ணீருக்கு ஆபத்து வந்தது. அலவாங்கு மேற்கொண்டு இறங்க மாட்டாமல் நின்ற ஆழம், பெரும்பாலும் நிற்க வேண்டிய ஆழமாகவே இருந்தது.

காரணம் கல்லில் இருக்கிறது. குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். வடமராட்சி கிழக்கில் மணற்காடு, அம்பன் பக்கத்து மணலில் கையால் திருகும் துளைப்பான் தடையின்றி இறங்கும். நெல்லியடியில் மேல்மண்ணைத் தாண்டியதும் கல்லில் முட்டி நிற்கும். ஆனால் இந்தக் கல் முழுக்கத் திடமானதல்ல. மழைநீர் கரைத்த பிளவுகளும் குகைகளும் அதற்குள் ஓடுகின்றன. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில், ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் அந்தப் பிளவுகளை நிரப்புகிறது. அந்த நன்னீர், அடியிலுள்ள கடல்நீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மிதக்கிறது. டொரொன்டோவுக்கு வடக்கே உறைந்த சிம்கோ ஏரியில் மீன்பிடிக்கத் துளைப்பான் தெரிபவர், பனிக்கட்டியின் தடிப்பையும் துளையின் அகலத்தையும் பார்த்தால் போதும். கட்டியைத் தாண்டினால் கீழே எங்கும் ஒரே தண்ணீர். நெல்லியடியில் மேல்கல்லைத் தாண்டிய பிறகுதான் கேள்வியே தொடங்குகிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீர், ஆழத்து நீர் உவர். எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை நூலிலும் இடம்பெற்ற கிணறு அது. இரண்டு தண்ணீரும் ஒரே துவாரத்தில் அடுக்காக நிற்பதைக் குடாநாட்டார் எந்தக் கருவியும் இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

இந்த அடுக்குக்கு ஒரு கணக்கு உண்டு. அது பிறந்த இடமும் ஒரு கிணறு துளைக்கும் யோசனைதான். ஆம்ஸ்டர்டாம் அருகே கிணறு துளைக்கத் திட்டமிட்டபோது, டச்சுப் பொறியியலாளர் படோன் கைபன் 1880களின் இறுதியில் அதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் அதே முடிவுக்குத் தனியாக வந்தார். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி நன்னீர் இருக்கும். கேட்க இனிப்பான கணக்கு, திருப்பிப் பார்க்கும் வரை. மேல்மட்டம் ஓர் அங்குலம் தாழ்ந்தால், காலப்போக்கில் உவர் நாற்பது அங்குலம் ஏறும். (யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்ட டச்சுக்காரருக்கு இந்தக் கணக்கு கிடைத்தது, அவர்கள் இங்கிருந்து போய் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்.) குகைகள் ஓடும் கல்லில் கணக்கு அச்சொட்டாகப் பலிக்காது; சில இடங்களில் உவர் இன்னும் விரைவாகவே வந்துவிடும்.

இப்போது கிணறு வெட்டியவரைப் பாருங்கள். அலவாங்கும் சம்மட்டியும் கொண்டு கல்லை உடைத்து, கடகத்தில் மேலே அனுப்புகிறார். நீர்மட்டம் வந்ததும் ஊற்று அடிக்கிறது. சுண்ணாம்புக்கல்லில் ஊறும் வேகத்துக்கு ஆட்களால் இறைத்துக் கட்டுப்படாது. ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழே சிறிது தூரத்தில் வேலை தானாக நின்றுவிடும். ஆழம் கிடைக்காத குறையை அகலம் ஈடுசெய்தது: பரந்த வாய், இரவில் ஊறிச் சேர இடம், பகலில் துலா மிதித்து இறைப்பு. ஆடுகாலில் துலா ஏறி இறங்கும் வேகமே ஒரு நாளின் இறைப்புக்கு எல்லை. கிணறு பங்காளிகளுக்குப் பொதுவானால் இறைப்பு முறை வைத்து நடக்கும். காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வாய்க்கால் பாத்தியதையும் எழுதப்படும். அந்த இறைப்பில்தான் சந்தைக்குப் போன புகையிலை விளைந்தது.

இதை முன்னோர் ஞானம் என்று சொல்லாதீர்கள், அது வெறும் இயலாமை என்று ஒருவர் மறுக்கலாம். பெரும்பகுதி சரி. வேறு கருவி கிடைத்திருந்தால் அவர்களும் ஆழமாகத்தான் போயிருப்பார்கள். துலா மிதித்தவனின் உடல்வலியை நல்ல நீர்முகாமைத்துவம் என்று மெச்சுவதில் ஒரு கொடுமை இருக்கிறது. ஆனால் எல்லை எதனால் வந்தது என்பது ஒரு கேள்வி, அந்த எல்லை என்ன செய்தது என்பது வேறொரு கேள்வி. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: உவரை ஏற்றியது துளைகருவி அல்ல, பம்பு, வெட்டுக் கிணற்றிலும் பம்பு வைத்தால் உவர் ஏறும். 1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெய்ப் பம்புகள் பரவியதும், 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெங்காயமும் மிளகாயும் பொன்னான விலைக்குப் போனதும் இறைப்பை எந்த அளவுக்குப் பெருக்கின என்று நினைத்தால் இதை மறுப்பது கடினம். ஆயினும் ஒரு வேறுபாடு மிஞ்சுகிறது. வெட்டுக் கிணற்றின் அடி நன்னீரின் மேற்பகுதியிலேயே நிற்பதால், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் முதலில் கிணறு வற்றும். பம்பு காற்றை இழுக்கும், தோட்டக்காரன் நிறுத்துவான், இரவில் மறுபடி ஊறும். ஆழத்தில் வாய் வைத்த குழாய் வற்றுவதில்லை. அது சவர்த்தண்ணியைக் கொடுக்கத் தொடங்கும். அந்தச் சுவை நாக்கில் படும்போது காரியம் முடிந்திருக்கும். வற்றிய கிணற்றை அடுத்த மாரி நிரப்பும். உவர் ஏறிய கல்லைக் கழுவப் பல மாரி வேண்டும்.

குடிநீருக்குக் குழாய்க் கிணறுதான் சுத்தம் என்ற வாதமும் இருக்கிறது. மலகூடக் குழிக்கும் உரமிட்ட தோட்டத்துக்கும் அருகே திறந்து கிடக்கும் கிணற்றைவிட மூடிய குழாய் மேல் என்பது மணற்பாங்கில் ஓரளவு செல்லும். பிளவுகள் ஓடும் கல்லில் அழுக்கு மண்ணில் வடிகட்டப்படாமல் நேரே இறங்கும். சுன்னாகத்தில் எண்ணெய் கலந்த தண்ணீர் சுற்றுப்புறக் கிணறுகளில் தெரிந்தபோது ஊர்கள் கண்டது இதைத்தான். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கி நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் வழங்கும் நிலையம் 2024இல் தொடங்கிய பிறகு, குடிக்கும் தண்ணீருக்காகக் கல்லைத் துளைக்கும் நியாயம் மெலிகிறது. தோட்டத்து இறைப்பு மட்டும் இன்னும் அந்த மிதக்கும் நன்னீரையே நம்பியிருக்கிறது. கோடையில் குறைகிறதே என்று பழைய கிணற்றின் அடியில் குழாய் இறக்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது எந்த இயந்திரம் ஆழமாகப் போகும் என்பதல்ல. அந்தக் கிணற்றின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு எத்தனை அங்குலம் மேலே நிற்கிறது என்பதே.