கல்யாண விருந்தும் கட்டுப்பாட்டு உத்தரவும்

சென்ற மாதம் நம் அங்கத்தினர் ஒருவர் இல்லத்துக் கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன். சாட், சைனீஸ், தோசை, ஐஸ்கிரீம் என்று வரிசையாகக் கவுன்டர்கள். எண்ணிப் பார்த்ததில் பதார்த்தங்கள் நாற்பதைத் தாண்டின. பக்கத்தில் நின்ற இளைஞரிடம், "ஒரு காலத்தில் எத்தனை பேருக்குச் சோறு போடலாம் என்பதைச் சர்க்கார்தான் தீர்மானித்தது, தெரியுமோ?" என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தார். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

இதன் வேர் 1942-ல் இருக்கிறது. ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அடுத்த வருஷமே வங்காளப் பஞ்சம். நகரங்களில் ரேஷன் வந்தது. ரவா இட்லி அந்த அரிசித் தட்டுப்பாட்டில் தங்கள் சமையலறையில் பிறந்ததுதான் என்று பெங்களூர் மாவல்லி டிபன் ரூம்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். சென்னை ராஜ்யத்தில் 1952-ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தபோது ஜனங்கள் பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால் 1965-ல் மழை பொய்த்தது. முந்தைய வருஷம் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் 1965-66-ல் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. உணவு மந்திரி நம் சி. சுப்பிரமணியம். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொன்னார். எங்கள் வீட்டிலும் திங்கட்கிழமை இரவு அடுப்பு எரியவில்லை. எங்களுக்குப் பழகிய ஏகாதசி போலத்தான், கிழமைதான் வேறு! அமெரிக்காவின் பி.எல். 480 கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது.

அப்போது நாங்கள் கல்கத்தாவில் இருந்தோம். வங்காளத்தில் கெடுபிடி இன்னும் அதிகம். குழந்தைகளுக்குப் பால் வேண்டும் என்பதற்காக, பாலைத் திரித்து எடுக்கும் சானாவில் மிட்டாய் செய்வதையே 1965-ல் சர்க்கார் தடுத்தது. பத்து லிட்டர் பசும்பாலில் இரண்டு கிலோ சானா கூடத் தேறாது என்பதைப் பார்த்தால் காரணம் புரியும். ஆனால் ரசகுல்லா இல்லாத கல்யாணத்தை எந்த வங்காளி ஒப்புவான்? விருந்துகளுக்கும் தலைக்கணக்கு உண்டு. வங்காளிகளின் கல்யாணப் பத்திரிகை அடியில், விருந்தினர் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டது என்று ஒரு வரி அச்சாகியிருக்கும்.

இந்தச் சமயத்தில், 1966 ஆனியில், என் தமக்கைக்குக் கல்யாணம். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அரிசிக்காகவும் மண்ணெண்ணெய்க்காகவும் ஊரெங்கும் போராட்டம் நடந்திருந்தது. அப்பா மத்திய சர்க்கார் குமாஸ்தா. உத்தரவை மீறுவது அவர் சுபாவத்தில் இல்லை. அனுமதித்த எண்ணிக்கையில் எங்கள் சொந்தபந்தமே அடங்காது. ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர்களை எழுதி, பென்சிலால் அடித்து, மறுபடி எழுதி, பதினைந்து நாள் அவஸ்தைப்பட்டார். முகூர்த்தச் சாப்பாடு சம்பந்தி வீட்டாருக்கும் மிக நெருங்கியவர்களுக்கும் மட்டும். மற்றவர்களுக்கு மாலையில் ரிசப்ஷன்.

அந்த ரிசப்ஷனில் தானியமே சேராத டிபன் போடுவது என்று முடிவாயிற்று. கடலை மாவும் உருளைக்கிழங்கும் தானியக் கணக்கில் வராதே! உருளைக்கிழங்கு போண்டா, வாழைக்காய் பஜ்ஜி, கடலைப்பருப்புச் சுண்டல், பூசணிக்காயில் காசி அல்வா, காபி. அல்வாவுக்கான சர்க்கரைக்காக நாங்கள் நான்கு மாதம் காபியில் வெல்லம் போட்டுக் குடித்தோம். பாலுக்கு ஹரிங்காட்டா டிப்போ கார்டுகளை அக்கம்பக்கத்தில் கடன் வாங்கினோம். விடியற்காலை பாட்டில்களைச் சுமந்து வந்தது நான்தான். சமையல்காரர் மாமா மட்டும், "அரிசி மாவு ஒரு கை போடாமல் பஜ்ஜி எப்படி மொறுமொறுப்பாக வரும்?" என்று கடைசி வரை முணுமுணுத்தார்.

பிற்பாடு நானே சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்து, சில வருஷங்கள் கல்யாணத்துக்குச் சர்க்கரை கேட்டு வரும் மனுக்களைப் பார்த்தேன். பத்திரிகையை இணைத்து, கூப்பிய கையோடு நிற்பார்கள். இருப்பு இருந்தவரை நான் யாருக்கும் குறைத்துக் கொடுத்ததில்லை. இந்த மாதிரி உத்தரவுகள் முற்றிலும் பழங்கதை என்றும் சொல்ல முடியாது. 2017-ல் ஜம்மு காஷ்மீர் அரசு பெண் கல்யாணத்துக்கு 500 பேர், பிள்ளை கல்யாணத்துக்கு 400 பேர் என்று அறிவித்தது. அது பஞ்சத்துக்காக அல்ல, ஆடம்பரத்தையும் விரயத்தையும் தடுக்க.

அப்பாவின் நோட்டில் அடிபட்ட பெயர்களில் ஒன்று ஜாம்ஷெட்பூரில் இருந்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பி. எட்டு உருப்படி உள்ள பெரிய குடும்பம். கல்யாணம் முடிந்த பிறகுதான் அவருக்குக் கடிதம் போயிற்று. ஆசீர்வாதம் என்று ஒரே வரியில் போஸ்ட் கார்டு வந்தது. அதன் பிறகு பதினோரு வருஷம் அவர் எங்கள் வாசல்படி ஏறவில்லை. 1977-ல் என் கல்யாணத்துக்கு அப்பா நேரில் போய் அழைத்தார். எட்டுப் பேரும் வந்தார்கள். முதல் பந்தியில் சித்தப்பா எழுந்திருக்கும் வரை அப்பா அவர் இலைக்குப் பக்கத்திலேயே நின்று, பரிமாறுகிறவரிடம் "இங்கே இன்னும் கொஞ்சம் சாதம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.