வானம் பார்த்த வெங்காயம்

திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பாகமாயிருந்து 1995இல் தனி மாவட்டமான பெரம்பலூர்ச் சீமையின் மேட்டு நிலங்களில், சின்ன வெங்காயச் சாகுபடியானது, வடகிழக்குப் பருவமழையையும், அம்மழையால் ஊறிய கிணறுகளிலிருந்து மாடு பூட்டிக் கவலையால் இறைத்த நீரையுமே பூர்வகாலம் முதல் ஆதாரமாகக் கொண்டிருந்தது. வேர்கள் பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும் இப்பயிர், காய் திரளும் தருணத்தில் ஈரம் வற்றினால், தாள் நுனி கருகி, காய் சிறுத்து, மகசூல் குன்றிவிடும். பின்னர் வந்த எண்ணெய் இயந்திரமும் மின்சாரப் பம்பும் நீரை விரைவில் மேலே கொணர்ந்தனவேயன்றி, ஊற்றைப் பெருக்கவில்லை. 2016இல் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சிப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டபோது இவ்வுண்மை மீண்டும் பிரத்தியட்சமாயிற்று. பட்டறை எனும் சேமிப்புக் குடிலில் காற்றோட்டமாய் வைத்த காயே மறுபோகத்துக்கு விதையுமாதலால், ஒரு வருஷத்து மழைக்குறைவு அடுத்த வருஷத்தையும் பீடிக்கிறது. ஆகவே மழைநீரைத் தேக்கிக் கிணறுகளின் ஊற்றைப் பெருக்கும் ஏரிகளைத் தூர்வாரிக் காப்பதே இக்குடியானவர்களுக்கு நாம் செய்யத்தக்க முதல் சகாயமாகும்.