கிணற்றில் நாலில் ஒரு பங்கு

கொடுமுடிக்கு அருகே காவிரிக் கரையோரச் சிற்றூர்களில் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்கள் சில, அக்டோபர் மாதம் பிறந்தால் கருமத்தம்பட்டிச் செபமாலை அன்னையின் திருவிழாவுக்குப் புறப்பட்டு விடுவதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். அருகிலேயே ஆலயங்கள் இருக்க, ஏன் அவ்வளவு தொலைவு என்று கேட்டால், "எங்க பூர்வீகம் அந்தப் பக்கமுங்க சாமி" என்பார்கள். பின் ஏன் இங்கு வந்தீர்கள் என்றால், எல்லாரும் ஒரே விடையைத்தான் தருவார்கள்: "தாது வருசப் பஞ்சத்துல பொழைக்க வந்தமுங்க."

இது நம்மவர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. கொங்கு வேளாளக் குடிகள் இன்று எங்கு வாழ்ந்தாலும், தம் கூட்டத்துக்குரிய காணியூரில் உள்ள குலதெய்வத்தைத் தேடிச் சென்று பொங்கல் வைத்து, முடியிறக்கித் திரும்புகிறார்கள். வீடு ஓரிடம், குலதெய்வம் வேறிடம் என்றால், இடையில் ஒரு பெயர்ச்சி நடந்திருக்கிறது என்றே பொருள். எங்கிருந்து வந்தோம் என்பதை இந்நாட்டு மக்கள் மறப்பதில்லை. ஏன் வந்தோம் என்பதில்தான் நினைவு தடுமாறுகிறது. சில வேளைகளில் அது தடுமாறுவதுபோல் நடிக்கவும் செய்கிறது என்று இப்போது நினைக்கிறோம்.

கொங்கு உழவர் தம் நிலத்தைக் காடு, தோட்டம், வயல் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவர். மழையை நம்பிக் கம்பும் சோளமும் கொள்ளும் விளையும் மேட்டு நிலம் காடு. கிணற்று நீர் பாய்வது தோட்டம். ஆற்றுக்காலோ வாய்க்காலோ பாய்வது வயல். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்நாட்டில் ஆண்டுக்கு அறுபது, எழுபது சென்டிமீட்டர் மழை பெய்தாலே பெரிது. ஆகவே இங்கு ஒரு குடும்பத்தின் கதை பெரும்பாலும் அதன் தண்ணீரின் கதையாகவே இருக்கும்.

காளிங்கராயன் வாய்க்காலையே எடுத்துக் கொள்வோம். பவானி கூடலுக்கருகே பவானி ஆற்றை மறித்து, ஈரோட்டைத் தொட்டு வளைந்து வளைந்து, 56 மைல் ஓடிக் கொடுமுடியை அடுத்த ஆவுடையார்பாறையில் முடிகிற இந்த வாய்க்கால் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. பாம்பு ஊர்ந்து காட்டிய வழியில் வெட்டினார்கள் என்று மக்கள் சொல்லும் கதையை யாவரும் அறிவர். அதற்குப் பின்வரும் கதையைத்தான் பலரும் பாதியில் விட்டு விடுகிறார்கள். தன் நிலத்துக்கு நீர் கொணரவே வாய்க்கால் வெட்டினான் என்று உறவினர் பழி சொல்ல, இந்த நீரைத் தானும் தன் வழியினரும் தொடுவதில்லை என்று காளிங்கராயன் சூளுரைத்தானாம். பின்பு குடும்பத்தோடு பிறந்த மண்ணை விட்டே வெளியேறிப் பொள்ளாச்சிக்கு அருகே ஊத்துக்குளியில் போய்த் தங்கினானாம். (வெண்ணெய்க்குப் பெயர்போன திருப்பூர்ப் பக்கத்து ஊத்துக்குளி வேறு, இது சமீன் ஊத்துக்குளி.) ஆயிரக்கணக்கானோர் வந்து குடியேறக் காரணமான வாய்க்காலை வெட்டியவனே குடிபெயர்ந்தான் என்கிறது மரபு. அவனை வெளியேற்றியது பஞ்சமன்று, சொல்.

போர்களும் குடிகளைக் கலைத்தன. 1799-இல் கொங்குநாடு கும்பினியார் கைக்கு வந்த மறு ஆண்டில் இவ்வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் ஈரோட்டைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஐதர் அலி காலத்தில் ஏறத்தாழ 3,000 வீடுகள் இருந்த ஊர், திப்புவின் காலத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, ஜெனரல் மெடோசின் படையெடுப்பில் அறவே அழிந்து, அவர் பார்த்தபோது 400 வீடுகளோடு மீண்டும் தலையெடுத்துக் கொண்டிருந்தது. அந்த வீடுகளின் மக்கள் எங்கே போனார்கள்? பலர் எந்த ஏட்டிலும் இல்லை.

தாது ஆண்டுப் பஞ்சத்துக்கு வருவோம். 1876-இல் தொடங்கி 1878 வரை நீடித்த அந்தக் கொடுமையில் சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பரவலான கணிப்பு. கோயம்புத்தூர் மாவட்டத்தில் 1871-இல் 17.6 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1881-இல் 16.6 இலட்சமாகக் குறைந்தது. சேலம் மாவட்டத்தில் 19.7 இலட்சம் பேர் 16 இலட்சமாயினர். நிவாரண வேலைக்கு வந்த ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் விதித்த கூலி, பசியை நீட்டிக்கவே உதவியது. பஞ்சம் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் பஞ்சத்தில் முதலில் வீதிக்கு வந்தவர்கள் நிலமற்றோர். பண்ணையாட்களும் கைவினைஞரும் கூலிக்காரருமே முதலில் பெயர்ந்தனர். அக்காலத்தில் நம் மாகாணத்தின் பல மறைப்பரப்பு நிலையங்களில் திருமுழுக்குகள் திடீரெனப் பெருகின. அவற்றுள் எத்தனை கஞ்சித் தொட்டிக்கு அருகில் நிகழ்ந்தவை என்பதைத் திருச்சபை வரலாறு எழுதுவோர் இன்னும் சற்று நேர்மையோடு பேச வேண்டும்.

நிலமுள்ளவன் அவ்வளவு எளிதில் போகமாட்டான். மாட்டை விற்பான், நகையை விற்பான், மேட்டுக்காட்டை அடமானம் வைப்பான், கடைசிவரை கிணற்றை விடமாட்டான். அப்படியானால், கிணறும் தோட்டமும் இருந்ததாகப் பெருமையோடு சொல்லும் குடும்பம் தாது ஆண்டில் ஏன் வந்தது? இந்த ஐயம் நமக்கு நெடுநாளாக இருந்தது.

அண்மையில் எண்பது வயது முதியவர் ஒருவர், பேத்தியின் திருமணத்தை முன்னிட்டுக் குடும்ப வழியை எழுதித் தரும்படி நம்மிடம் வந்தார். பாட்டனார் தாது ஆண்டில் மனைவி மக்களுடன் வண்டி கட்டி வந்தார் என்றார். மேற்கே பணியாற்றும் நண்பரான குருவானவருக்கு மடல் எழுதினோம். பாரிசு மறைப்பணிச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள் இலத்தீனில் எழுதிய பழைய திருமுழுக்கு ஏடுகளைப் புரட்டி, அவர் விடை அனுப்பினார். அந்தப் பாட்டனாரின் மூத்த பிள்ளைகள் மூவர் அங்கேதான் திருமுழுக்குப் பெற்றிருக்கிறார்கள். கடைசிப் பதிவு 1912. நான்காம் பிள்ளை, அதாவது நம் முதியவரின் தந்தை, ஆற்றோரப் பங்கின் ஏட்டில் 1917-இல் இருக்கிறார். ஆகவே குடும்பம் புறப்பட்டது இவ்விரு ஆண்டுகளுக்கு இடையில். தாது ஆண்டுப் பஞ்சம் முடிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இதைச் சொன்னபோது முதியவர் நெடுநேரம் பேசவில்லை. மறுவாரம் ஒரு தகரப் பெட்டியுடன் வந்தார். அதற்குள் மடிப்புகளில் இற்றுப்போன ஓர் அடமானப் பத்திரம். "மேற்படி கிணற்றில் நாலில் ஒரு பங்கும், முறைத்தண்ணீர் பாத்தியமும்" என்று நிலத்தின் எல்லைகளுக்குப் பின் எழுதியிருந்தது. அதை வீட்டில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், யாரும் படித்ததில்லையாம்.

கொங்குநாட்டுக் கிணறு எளிய பொருளன்று. பாறையை வேட்டு வைத்து உடைத்து ஆழப்படுத்த வேண்டும். கவலை இறைக்க நல்ல காளைகளும் தோல் சாலும் ஆளும் வேண்டும். தந்தை வெட்டிய கிணறு நான்கு மக்களுக்கும் பொது. நிலத்தைக் கயிறு போட்டு அளந்து பிரிக்கலாம். தண்ணீரை நாள் முறை வைத்துத்தான் பிரிக்க முடியும். நீர் கீழே இறங்கிவிட்டால் ஆழப்படுத்தும் செலவை யார் ஏற்பது என்பதில் உடன்பிறந்தோர் பிரிவர். கெரார் பள்ளத்தாக்கில் ஈசாக்கின் ஆட்கள் தோண்டிய கிணறுகளுக்காக நடந்த வழக்கைத் தொடக்கநூலின் 26-ஆம் அதிகாரத்தில் குருமடத்தில் படித்தபோது, ஏதோ பாலைநிலத்துச் செய்தி என்று கடந்து போனோம். இங்கு வந்த பின்புதான் அது விளங்கிற்று.

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கம்போடியாப் பருத்தி கோவைக்கு வந்தது. கிணற்றுப் பாசனத்தில் நன்கு விளைந்து நல்ல விலையும் தந்ததால், கடன் வாங்கியேனும் கிணற்றை ஆழப்படுத்தும் ஆசை பலருக்கு எழுந்தது. 1914-இல் உலகப் போர் மூண்டதும் பருத்தி விலை சரிந்தது. அந்தப் பாட்டனாரின் கதையில் இவ்விரண்டும் எப்படிப் பின்னின என்பதைப் பத்திரம் முழுதும் சொல்லவில்லை. கிணற்றுப் பங்கு அடமானத்தில் போனது, கடன் தந்தவர் சொந்த அண்ணன், திருப்பியதற்கான குறிப்பு எதுவும் இல்லை. இவ்வளவே நாம் அறிவது.

"எங்கய்யன் பஞ்சம்னுதானுங்க சாமி சொன்னாரு" என்றார் முதியவர். பிறகு, "அண்ணன்கிட்டத் தோட்டத்தை உட்டுட்டு வந்தேன்னு புள்ளைங்ககிட்ட எப்படிங்க சொல்லுவாரு?" என்றார்.

பஞ்சம் யாரையும் குற்றஞ்சாட்டாத காரணம். ஊரே சேர்ந்து இழந்தது என்றால் ஒருவன் தனியே தோற்றதாகாது. ஆதலால் கடனும் பங்காளி வழக்கும் மதுவும் சாதிக் கொடுமையும்கூட இரண்டு தலைமுறைக்குள் பஞ்சம் என்ற ஒரே சொல்லுக்குள் போய் ஒளிந்து கொள்கின்றன. சாதிக் கொடுமை தாங்காது ஊர் மாறிய குடும்பங்களின் பிள்ளைகளும் நம்மிடம் பஞ்சக் கதையையே சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் நாம் தகரப் பெட்டி கேட்கவில்லை.

அணைகள் பெயர்த்த குடும்பங்களுக்கு இந்த மறைப்புத் தேவைப்படவில்லை. 1925 முதல் 1934 வரை மேட்டூர் அணை எழுந்தபோது சேலம், கோவை மாவட்டங்களின் ஆற்றோர ஊர்கள் பல நீரில் மூழ்கின. நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் நந்தியும், பழைய கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதைச் செய்தித்தாள்களில் காண்கிறோம். அந்த மக்கள் காரணத்தைக் கையால் சுட்டிக் காட்ட முடியும். 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையும் தணாயக்கன் கோட்டையை விழுங்கியது. ஆனால் அதன் கால்வாய் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு இலட்சம் ஏக்கருக்கு நீர் தந்தபோது, ஒரு காலத்தில் மேட்டுக்காட்டை வெறுத்து ஆற்றோரம் வந்தவர்களின் மக்கள் சிலர் மீண்டும் மேட்டுக்கே போனார்கள். நொய்யலிலோ திசை மறுபடி மாறியது. 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது சாயக்கழிவு. தண்ணீர் இருந்தும் பயிர் வைக்க முடியாமல் நிலத்தை விட்டவர்களைக் கொடுமுடிக்குச் சிறிது தெற்கே, நொய்யல் காவிரியில் கலக்கும் பகுதியிலேயே பார்த்திருக்கிறோம். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதற்குள் பலர் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டனர். இவர்களின் பேரர் என்ன காரணம் சொல்வார்களோ?

கடந்த அக்டோபரில் திருவிழாவுக்குச் சென்றபோது, முதியவர் நம்மையும் அழைத்துக் கொண்டு அந்தத் தோட்டத்தைத் தேடிப் போனார். பத்திரத்திலிருந்த எல்லைகளில் ஓர் ஓடை மட்டுமே மிஞ்சியிருந்தது. சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள். கிணறு இருந்தது, நீர் இல்லை, சுவரின் இடுக்கில் ஓர் அரசங்கன்று. அருகிலிருந்த வீட்டிலிருந்து வந்த ஒருவர், இப்போது ஆழ்குழாய்தான் என்றார். உறவுமுறை பேசிப் பார்த்ததில் அவர் அந்த அண்ணனின் வழியில் வந்தவர் என்று தெரிந்தது. கடனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "உங்க பக்கத்தாளுக தாது வருசப் பஞ்சத்துல ஆத்தோரம் போயிட்டாங்கன்னு சொல்லுவாங்க" என்றார்.

முதியவர் நம்மைப் பார்த்தார். தகரப் பெட்டி வண்டியிலேயே இருந்தது. கிணற்றின் விளிம்பில் நின்று, கவலை வாரிகள் இருந்த இடத்தை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி, "இதுல எங்க பாட்டன் எறச்சது எந்தப் பக்கமுங்க?" என்று மட்டும் கேட்டார்.